சலூன்காரரின் காது

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீலக் கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி, அதற்குக் கீழே சீப்பும் கத்தரியும் வரிசை கட்டிய பலகை. இதுதான் அவருடைய சலூன். முப்பத்திரண்டு வருடமாக அங்கே தனியாளாக முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

தெருவில் யாருக்குக் காது எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இவருக்கு இடது காது கொஞ்சம் முன்னால் விரிந்திருக்கும், அவருக்குக் காதோரம் மச்சம், இன்னொருவருக்குக் காதுக்குள் ஒரு தோட்டமே வளரும். காது மிஷின் வைத்தவர்களுக்கென்று ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம் வைத்திருந்தார். உட்கார்ந்ததும் அவர்களே கழற்றி அதில் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் கிண்ணத்தை நீட்டுவார்.

இவ்வளவு காதுகளைப் பார்த்த மனிதருக்குத் தன் காது மங்கிக்கொண்டு வருவது தெரியவில்லை. அவருக்கு வசதியாக எதிரே கண்ணாடி இருந்தது. உட்கார்ந்திருப்பவரின் வாய் அதில் நன்றாகத் தெரியும். வார்த்தையில் பாதியைக் காதாலும் மீதியைக் கண்ணாலும் பொறுக்கிக்கொண்டு, "ஆமாம் சார், காலம் கெட்டுப்போச்சு" என்று ஒரு பொதுவான பதிலைச் சொல்லி வைப்பார். எதைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பதில் பொருந்திப்போனதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

டிராயிங் வாத்தியாரிடம்தான் அது குடை சாய்ந்தது.

வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மேலுதடு முழுவதையும் மூடிக்கொண்டு கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும் மீசை. நாற்பது வருட மீசை. அவர் பேசும்போது மீசை அசைவதுதான் தெரியுமே தவிர வாய் தெரியாது. இரண்டு காதுக்கும் பின்னால் மிஷின் போட்டவர். அன்று காலை புகைப்படம் எடுக்கப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்து, மிஷின்களைக் கிண்ணத்தில் போட்டார். மாஸ்டர் முடி வெட்டி முடித்து, முகச்சவரத்துக்காக நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். இப்போது கண்ணாடியும் உதவிக்கு இல்லை.

"போட்டோவுக்குப் போறீங்க. மீசைய எடுத்துடலாமா சார்?" என்று சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார்.

வாத்தியாருக்கு 'மீசை' என்பது மட்டும் விழுந்தது. "எடுக்க வேணாம். ஓரத்த மட்டும் தட்டிவிடுங்க" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி வாசலில் உறுமிக்கொண்டு போனது. சோப்பு நுரைக்குள்ளிருந்தும் மீசைக்குள்ளிருந்தும் மாஸ்டருக்கு வந்து சேர்ந்தது, "எடுக்க வேணும்."

அவருக்கே நம்ப முடியவில்லை. "நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்றார் சத்தமாக.

வாத்தியார் கண்ணை மூடியபடி பலமாகத் தலையாட்டினார். காது கேட்காதவர்கள் புரியாத கேள்விக்குத் தலையாட்டிவிடுவார்கள். மாஸ்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக அவரும் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்.

கத்தியின் இரண்டே இழுப்பில் வலது பக்க மீசை போயிற்று. மேலுதட்டில் காற்று பட்டதும் வாத்தியார் கண்ணைத் திறந்தார். கையால் தொட்டுப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். மிஷின்களை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார், காதில் மாட்டினால் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியுமோ என்பது போல.

"மாஸ்டர், வேணாம்னு சொன்னேனே."

"வேணும்னு சொன்னீங்க சார்."

"வேணாம்."

"வேணும்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் கையிலிருந்த கத்தியைப் பலகையில் வைத்தார்.

வாத்தியார் கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே, "ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். ணாவுல போடுற அந்தக் கால். என் மீசை அதுல தடுக்கி விழுந்துடுச்சு" என்றார். பிறகு, "சரி, மீதியையும் எடுங்க. இந்த வேஷத்தோட நான் எப்படி வீட்டுக்குப் போறது?" என்றார்.

மீதியையும் எடுத்தார் மாஸ்டர். வாத்தியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் மாஸ்டர் கடையைச் சாத்திவிட்டார். அப்போது மணி பதினொன்று.

*

மாஸ்டரின் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. வெண்கலக் குரல். காலையிலிருந்து இரண்டு மணிவரை அந்தக் குரலைச் செலவு செய்துவிட்டு வருவதால் வீட்டில் அரைக்குரலில்தான் பேசுவாள். தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாஸ்டரோ, இவளுக்கு வயசாக வயசாகப் பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது, அந்த நேரத்தில் கடையில் இருக்க வேண்டிய மனிதர் கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்குவதற்காகக் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

"சிரிக்காத. கத்தி பிடிக்கிற வேலை. இன்னைக்கு மீசை போச்சு, நாளைக்கு என்ன போகுமோ. நான் கடைய மூடிடறேன்."

அவள் நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றாள், வீட்டுக் குரலில் இல்லாமல் பேருந்து நிலையக் குரலில்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் காது சரியாக் கேக்கலன்னு. எத்தனை தடவை சொன்னேன், போய்ப் பாக்கலாம் வாங்கன்னு. ஒவ்வொரு தடவையும் 'அப்படியே செஞ்சுடலாம்'னு சொல்லிட்டுப் பேப்பரைப் புரட்டுவீங்க."

மாஸ்டர் தன் காதை ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னொண்ணும் சொல்றேன், கோபப்படாதீங்க. போன மாசம் நம்ம பொண்ணு போன் பண்ணினாளே, ஞாபகம் இருக்கா? நீங்ககூட பேசினீங்க."

"பேசினேன். சந்தோஷமா இருந்தா."

"எங்க சந்தோஷமா இருந்தா? வேலைய விட்டுட்டேம்ப்பான்னு அழுதா. நீங்க, 'ரொம்ப சந்தோஷம்மா, நல்லா இரு'ன்னு சொல்லிட்டு எங்கிட்ட போனைக் குடுத்துட்டீங்க."

"நீ ஏன் அப்பவே சொல்லல?"

"அப்பா என்னைத் தேத்தறதுக்குத்தான் அப்படிச் சொன்னாரு, எவ்வளவு பெரிய மனசுன்னு அவ உருகிட்டு இருந்தா. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மீசைக்குக்கூட இவ்வளவு நொந்துகொள்ளவில்லை மாஸ்டர்.

மறுநாள் காலை கதவைத் தட்டியது வாத்தியார். மீசை இல்லாத அவரை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ என்று நினைத்து, "அவர் இன்னைக்குக் கடை திறக்கல" என்று சொல்லிவிட்டாள். அவர் குரலைக் கேட்ட பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"சட்டையப் போட்டுட்டு வாங்க மாஸ்டர்" என்றார் வாத்தியார். "என் காதைப் பாக்கிற பொண்ணுகிட்ட பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கேன்."

"உங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது சார்?"

"என் மூஞ்சியவே எனக்கு இப்பத்தான் அறிமுகம் ஆகியிருக்கு. நேத்து என் வீட்டுக்காரி ஒரு மணி நேரம் சிரிச்சா. அப்புறம் பக்கத்துல வந்து பாத்துட்டு, உங்களுக்கு மேலுதடு இவ்வளவு லட்சணமா இருக்கும்னு தெரியாமப் போச்சேன்னா. நான் திரும்ப வளர்க்கறதா இல்ல. கிளம்புங்க."

*

காது பரிசோதனைக்கூடம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உள்ளே பீரோ அளவுக்கு ஒரு கண்ணாடி அறை. அதற்குள் மாஸ்டரை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கிருந்த இளம்பெண். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் தாழ்ந்த சத்தங்கள் வந்தன. அமுக்கினார். பிறகு மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் வர வேண்டிய முறை. அவர் காத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ திருகிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. கேட்காத சத்தத்துக்கு அமுக்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் ஆசை வந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற ஆசை. அமுக்கவில்லை.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். கோடு இடது பக்கம் சமமாகப் போய், நடுவில் ஆரம்பித்துப் படிக்கட்டு இறங்குவது போல இறங்கியது.

"கனமான சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாக் கேக்குது. மெல்லிசான சத்தம்தான் போயிருக்கு. ச, த, ப மாதிரி எழுத்துங்க, பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல். அதனால ஒருத்தர் பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு புரியாது."

"அதேதாம்மா!" என்றார் மாஸ்டர். இரண்டு வருடமாகத் தன் தலைக்குள் நடந்ததை ஒரு பெண் தாளில் கோடு போட்டுக் காட்டிவிட்டாளே என்று இருந்தது. "ஆனா வேணும், வேணாம்..."

"லாரி போச்சுன்னு சொன்னீங்களே. அந்தச் சத்தத்துல எனக்கே கேட்டிருக்காது. ஆனா எனக்குக் கேக்கலன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். உங்க மூளை ரெண்டு வருஷமா விட்டதை எல்லாம் அதுவா இட்டு நிரப்பிப் பழகிடுச்சு. அதான் சிக்கல்."

மேஜை டிராயரைத் திறந்து விதவிதமான மிஷின்களைப் பரப்பினாள். சட்டைப் பையில் வைக்கும் பெட்டி, காதுக்குப் பின்னால் உட்காரும் பெரியது, அதிலேயே மெல்லிய கம்பி வைத்த சின்னது, காது துவாரத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும் கடலைப்பருப்பு அளவு ஒன்று. மாஸ்டரின் விரல் நேராகக் கடலைப்பருப்பின் மேல் போய் நின்றது.

"இதுதான். வெளிய தெரியாதில்ல?"

"தெரியாது. ஆனா உங்க காதுக்கு இதுதான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றாள் அந்தப் பெண். "நாலு பேரைக் கேட்டுட்டு வாங்க. அவசரமில்ல."

அந்த நாலு பேரில் தன்னையும் சேர்த்து மூன்று பேரை வாத்தியாரே ஏற்பாடு செய்தார். வாரவிடுமுறை அன்று சலூன் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் பேக்கரிக்காரர், தெருமுனையில் கடை. இன்னொருவர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெட்டியும், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயரும் இருப்பதால் தெருவுக்கே பெட்டிக்காரர். மூன்று பேருமே மாஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தவர்கள். இன்று அவர் உட்கார்ந்திருக்க, அவர்கள் நின்றுகொண்டு பேசினார்கள்.

பேக்கரிக்காரர் தன் காதுக்குள் விரலை விட்டு ஒரு சின்ன நைலான் இழையைப் பிடித்து இழுத்தார். கடலைப்பருப்பு வெளியே வந்தது.

"நான் இதைப் போட்டு ஏழு வருஷம். என் மாமியாருக்கே தெரியாது. அது ஒண்ணுதான் இதுல சுகம். ஒரு நாள் மாவு பிசையும்போது காது அரிச்சுது, லேசா ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கவனிச்சேன், ஊரே அமைதியாயிடுச்சு. இது மாவுக்குள்ள விழுந்திருக்கு. அதுக்குள்ள தட்டெல்லாம் அடுப்புக்குள்ள போயாச்சு. எம்பது பன்னு பிச்சுப் பாத்தேன்."

"கெடச்சுதா?"

"எம்பதாவதுல. நல்லா வெந்திருந்துச்சு."

வாத்தியார் தன்னுடையதைக் கழற்றினார். காதுக்குப் பின்னால் உட்காரும் வளைந்த உடம்பு, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் காதுக்கு அச்செடுத்துச் செய்த அடைப்பான். "என் காது ரொம்ப மோசம். எனக்கு இவ்வளவு பெரிய ஆள்தான் தூக்கிச் சுமக்க முடியும். மூக்குக்கண்ணாடியும் இதுவும் ஒரே காதுல கூட்டுக் குடித்தனம். கண்ணாடியக் கழட்டினா இதுவும் கூடவே கிளம்பி வந்துடும். என் பேத்தி கட்டிப்பிடிச்சா கீன்னு விசில் அடிக்கும். அதுக்காகவே அவ பத்து தடவை கட்டிப்பிடிப்பா."

பெட்டிக்காரர் பேசுவதற்கு முன் தன் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மாஸ்டர் பக்கம் நீட்டினார். எதிரில் இருப்பவர் பக்கம் நீட்டுவது அவர் பழக்கம். கை நடுங்கியது. அது பல வருடமாக இருக்கிற நடுக்கம்.

"இவங்க ரெண்டு பேரும் என்னைப் பழைய ஆளும்பாங்க. என் கையப் பாருங்க. அந்தக் கடலைப்பருப்புக்கு நான் பேட்டரி போட முடியுமா? அது ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் ஓடணும். இதுல திருகு கட்டை விரல் அளவு. சட்டை உரசினா சரசரன்னு கேக்கும், அது ஒண்ணுதான் தொல்லை. ஆனா ஒரு விஷயம் சொல்றேன். இந்த ஒயரைப் பாத்ததுமே எல்லாரும் என் மூஞ்சியப் பாத்து நிதானமாப் பேசறாங்க. ஒளிச்சு வெச்சவனுக்கு யாரு அப்படிப் பேசுவா?"

பேக்கரிக்காரர் கடலைப்பருப்பைத் துடைத்துக்கொண்டே, "அதுவும் நியாயம்தான்" என்றார். "கடையில எவனும் என்னைப் பாத்துப் பேசறதில்ல. கேக்கைப் பாத்துத்தான் பேசறான்."

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். யோசிக்கிறேன் என்றார். மறுநாளே போய்க் கடலைப்பருப்புக்குத்தான் காதில் அச்செடுத்துக்கொண்டு வந்தார். சலூனில் இளவட்டங்கள் வந்து போகிற இடம், காதில் மிஷினோடு கத்தி பிடித்தால் எவன் கழுத்தைக் கொடுப்பான் என்பது அவர் கவலை. பிடிக்கவில்லையென்றால் ஒரு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் அந்தப் பெண் கொடுத்தாள்.

*

கடலைப்பருப்பு அவர் காதில் ஆறு நாள் குடியிருந்தது.

யாருக்கும் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் காதை மூடி அடைத்துவிட்டதால் அவருடைய குரலே அவருக்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசுவது போல முழங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் தலைக்குள் யாரோ சரளைக் கல்லைக் கொட்டினார்கள். தன் குரலின் முழக்கம் தாங்காமல் மாஸ்டர் குரலைத் தணித்துப் பேச ஆரம்பித்தார். அவர் சொல்வது வாடிக்கையாளர்களுக்குக் கேட்காமல், "என்ன மாஸ்டர்? என்ன?" என்று அவர்கள் காதைச் சாய்த்தார்கள். நேற்றுவரை இவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நான்காவது நாள் ஒரு காது அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் சத்தம் வரும் ஓட்டைக்குள் பவுடரும் பொடிமுடியும் காதழுக்கும் சேர்ந்து ஒரு சாந்து. நாள் முழுக்கப் பவுடர் பறக்கிற இடம். துடைத்துப் போட்டார். ஆறாம் நாள் இன்னொன்றும் மூச்சை நிறுத்தியது. அன்று சாயங்காலமே இரண்டையும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மாடியேறினார்.

அந்தப் பெண், நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காகவே மாஸ்டருக்கு அவள் மேல் தனி மரியாதை உண்டாயிற்று. மெல்லிய கம்பி வைத்ததை எடுத்தாள். "உங்களுக்குக் கனமான சத்தம் தானாவே கேக்குது. அதுக்கு வழிய அடைக்கக் கூடாது. இதோட நுனி காதை மூடாது, காத்து போற மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். உங்க குரல் உங்க குரலாவே இருக்கும். உடம்பு காதுக்குப் பின்னாடி உக்காரும். நுனில பவுடர் அடைச்சா இந்தச் சின்ன வடிகட்டிய மட்டும் மாத்திடுங்க. ஆனா வெளிய தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றார் மாஸ்டர்.

மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது தன் செருப்பு ஒவ்வொரு படியிலும் பேசுவதைக் கேட்டார். கீழே மருந்துக்கடையில் தாளைக் கிழிக்கும் சத்தம் சுருக்கென்று குத்தியது. பெருஞ்சத்தமான சாலையைக் கடக்கும்போது கழற்றி எறிந்துவிடலாம் போல இருந்தது. முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும், பொறுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மறுநாள் கடையில் முதல் தலைக்குக் கத்தரியை வைத்ததும் நிறுத்திவிட்டார். கத்தரியின் சத்தம் சரியில்லை. கிறிச் கிறிச்சென்று வெட்ட வேண்டியது மென்று துப்பியது. விரலால் அலகைத் தடவிப் பார்த்தார். மழுங்கிப் போயிருந்தது. எத்தனை நாளாகவோ! கையின் பழக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று மத்தியானமே கத்தரிகள் எல்லாவற்றையும் சாணை பிடிக்கக் கொடுத்தார்.

அவர் பயந்தது போல எவனும் கழுத்தைக் கொடுக்க மறுக்கவில்லை. ஒரு கல்லூரி மாணவன் மட்டும், "இதுல பாட்டும் கேக்கலாமா மாஸ்டர்?" என்றான். கேக்கலாமாம், போனோடு சேர்த்துவிட்டால். "செம" என்று சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்தான். ஒரு வங்கி அதிகாரி, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, தாழ்ந்த குரலில் தன் மனைவி தன்னைப் பற்றி இப்படித்தான் சொல்வதாகச் சொன்னார். மாஸ்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கடலைப்பருப்பில் ஆரம்பித்துப் பெட்டிவரைக்கும் சொன்னார். "முதல்ல கோட்டைப் போட்டுப் பாத்துக்குங்க. நான் மாட்டின மாதிரியே மாட்டாதீங்க. உங்க காது எந்தப் பக்கம் இறங்குதோ அதுக்கு ஏத்த மாதிரிதான்."

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மிஷின் வந்த மூன்றாம் நாள் மகளுக்குப் போன் செய்தார். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு, சொல்லாதீர்கள் என்று கையால் சைகை காட்டினாள்.

"நீ வேலைய விட்டேன்னு சொன்னப்போ நான் ரொம்ப சந்தோஷம்னு சொன்னேனே கண்ணு..."

"அந்த ஒரு வார்த்தைதாம்ப்பா எனக்குத் தெம்பா இருந்துச்சு."

மனைவி இன்னும் வேகமாகக் கையை ஆட்டினாள். அவர் திரும்பி நின்றுகொண்டார். "அன்னைக்கு எனக்கு எதுவுமே கேக்கலடா. கேட்ட மாதிரி சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புக் கிளம்பியது. இருமல் வரும்வரை சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. அதுவும் அவருக்குக் கேட்டது.

"அப்ப இப்பச் சொல்லுங்கப்பா. நான் செஞ்சது சரியா, தப்பா?"

"ஏன் விட்டே, என்ன நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லு. நான் கேக்கறேன்."

அவள் சொல்லச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் ஒரு இடத்தில்கூட 'சரிம்மா' என்று சும்மா சொல்லவில்லை.

*

இனி மனைவி விஷயம்.

கம்பி மிஷின் வந்த வாரம் மாஸ்டர் ஒரு சமாசாரத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய மனைவி வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டவள் இல்லை. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், தனக்குத்தானே. அவரிடம் சொல்லி அலுத்துப்போய், எப்படியும் கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிவிட்டாள். அடுக்களையில் நின்றுகொண்டு, துணி மடித்துக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முணுமுணுவென்று ஒரு தனி வானொலி நிலையமே நடந்துகொண்டிருந்தது. அவருக்கு மிஷின் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவ்வளவு மெல்லிய முணுமுணுப்பு கேட்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

முதல் நாள் காதில் விழுந்தது இது. "செருப்பைக் கதவுக்குக் குறுக்கால விடறது இந்த ஜென்மத்துல மாறாது."

மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ச் செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். அவள் திரும்பிப் பார்த்து, தற்செயல் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள், "வேலைலேர்ந்து வந்தா ஒரு வாய் டீ போட்டு வெக்க ஆள் இருக்கா?" என்றது வானொலி. அடுத்த நாள் மத்தியானம் அவர் கடையிலிருந்து ஓடிவந்து டீ போட்டு வைத்துவிட்டுப் போனார். அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"அருமையா இருக்கு."

அவருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. அவள் அக்காவைப் பற்றி, மேலதிகாரியைப் பற்றி, எதிர்வீட்டு நாயைப் பற்றி, எல்லாம் கேட்டார். அவரைப் பற்றித்தான் அதிகம். திட்டு என்று நினைத்துக் கேட்க ஆரம்பித்தவர், பாதித் திட்டுகளின் வால் வேறு மாதிரி முடிவதைக் கவனித்தார். "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்று முடியும். "அந்தச் சட்டையப் போட்டா நல்லாத்தான் இருக்காரு" என்று ஒரு தடவை முடிந்தது. அன்று முழுக்க மாஸ்டர் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் பின்புறம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கால் வீங்கியிருக்கு. நாள் முழுக்க நின்னா வீங்காம என்ன செய்யும்? ஒரு முக்காலி வாங்கிப் போட்டு உக்காந்து வெட்டலாம். சொன்னாக் கேக்கவா போறாரு?"

"கேக்கறேன், சொல்லு" என்றார் மாஸ்டர்.

துணி மடிக்கும் சத்தம் நின்றது. அவள் மெதுவாக முன்னால் வந்து அவரைப் பார்த்தாள்.

"இப்ப நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

"நாலு நாளா நான் பேசினது எல்லாமா?"

"உங்க அக்கா மூக்கைப் பத்திச் சொன்னது உட்பட."

கையிலிருந்த துண்டு பறந்து வந்து அவர் முகத்தில் விழுந்தது. அதற்குள்ளிருந்து சிரித்தார். அவளுக்கு வெட்கமும் கோபமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. "திருட்டு மனுஷன்! ஒட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்களே!" என்றாள் பேருந்து நிலையக் குரலில்.

"மெதுவாப் பேசினாப் போதும். தொண்டைக்கு ஆகாது."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் காதுக்குப் பின்னால் இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். நரைத்த முடிக்கும் அதற்கும் ஒரே நிறம். சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று நினைத்தாள். வாய்க்குள் முணுமுணுக்காமல் அதை அவரிடமே சொன்னாள். பிறகு, எப்படியும் கேட்கிறாரே என்று, இரண்டு வருடமாகச் சொல்லாமல் விட்டதை எல்லாம் அரைக்குரலில் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். தெருவிளக்கு எரியும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் மூன்று இடத்தில் மாஸ்டர் அது அப்படியில்லை என்று மறுத்துப் பேசினார். இரண்டு இடத்தில் தோற்றுப்போனார்.